எல்.இ.டி. விளக்கின் ஒளியைக் குறைக்கும் எளிய கருவி

நெசவாளர்க்கும் உழவர்க்கும் பொழுது சாய்ந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அறுந்த பாவிழையைத் தேடி விழுதில் கோத்து முடிச்சிடுவதற்கு மிகுந்த வெளிச்சம் வேண்டும். அதே அறையில் குடும்பத்தார் உறங்கும் நேரத்தில் சிறிதளவு வெளிச்சமே போதும். பம்புசெட்டு அறையில் இரவுக் காவலிருப்பவர்க்கு மங்கலான ஒளி போதுமானது. மோட்டாரைப் பார்வையிடும் பத்து நிமிடங்களுக்கு மட்டுமே முழு ஒளி தேவைப்படும். மின்சாரம் நின்றுவிட்ட வேளைகளில் பாட்டரியின் இருப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே, ஒரே விளக்கைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் எரிக்கும் வசதி நம்மவர் பலருக்கும் பயன்படுவதாகும். இவ்வசதியைத் தரும் கருவியைக் கடைகளில் டிம்மர் என்பர்.

இக்கருவி பார்வைக்கு எளியது. ஒரு பெட்டியும் அதன்மேல் ஒரு குமிழுமே வெளியே தெரியும். ஆயினும் பழைய குண்டு பல்புகளுக்குப் பயன்பட்ட முறை வேறு, இன்றைய எல்.இ.டி. விளக்குகளுக்குத் தேவையான முறை வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் பொருள் வாங்குவோர் பணத்தையும் விளக்கையும் ஒருங்கே இழக்கின்றனர். எனவே பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் எரியும் எல்.இ.டி. பட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, டிம்மர் இயங்கும் முறையைப் படிப்படியாக விளக்குவோம்.

பழைய பல்பும் புதிய விளக்கும்

குண்டு பல்பினுள் இருப்பது மெல்லிய டங்ஸ்டன் இழை. மின்சாரம் அதைச் சூடாக்குகிறது. சூடேறிய இழை ஒளிர்கிறது. அழுத்தத்தைக் குறைத்தால் சூடு குறையும். ஒளியும் படிப்படியாக மங்கிச் சிவக்கும்.

எல்.இ.டி. அவ்வாறு சூட்டினால் ஒளிர்வதன்று. அது ஒரு குறைகடத்தித் துணுக்கு. ஒரு திசையில் மட்டுமே தன்னூடே மின்சாரத்தைச் செல்லவிடும். அவ்வாறு செல்லும்போது துணுக்கினுள்ளேயே நேரடியாக ஒளி பிறக்கிறது. கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளி தரும் எல்.இ.டி.யை அமெரிக்க அறிஞர் நிக் ஹோலோனியாக் 1962-இல் செய்து காட்டினார். வெண்ணிற விளக்குக்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யைக் கண்டமைக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

வெண்ணிற எல்.இ.டி. ஒன்று ஒளிர ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பட்டையில் மூன்று எல்.இ.டி.களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, அவற்றுடன் ஒரு மின்தடையையும் இணைப்பது வழக்கம். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட் எடுத்துக்கொள்வதாக வைத்தால் மூன்றுக்கும் 9.6 வோல்ட் ஆகிறது. எஞ்சிய 2.4 வோல்ட்டை 120 ஓம் மின்தடை ஏற்கிறது. அப்போது ஓடும் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர்.

இப்போது பாட்டரியின் அழுத்தம் 10.8 வோல்ட்டாகத் தாழ்கிறது என்று கொள்வோம். எல்.இ.டி.களின் பங்கு பெரிதும் மாறுவதில்லை. ஆதலின் மின்தடைக்கு எஞ்சுவது 1.2 வோல்ட், மின்னோட்டம் ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது, மின்னோட்டமோ பாதியாகிவிட்டது. 9 வோல்ட்டுக்கும் கீழே சென்றால் விளக்கு ஏறக்குறைய அணைந்தேவிடும். மறுபுறம், பாட்டரி சார்ஜ் ஏறும்போது அழுத்தம் 14.4 வோல்ட் வரை உயருமாயின், மின்னோட்டம் ஏறத்தாழ இரு மடங்காகிப் பட்டை சூடேறும். சிறிய மாற்றத்திற்குப் பெரிய விளைவு என்பதே எல்.இ.டி.யின் இயல்பு.

ஆகவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து எல்.இ.டி.யின் ஒளியை ஆள முயல்வது, மிக நுண்ணிய கைப்பழக்கம் வேண்டிய செயலாகிறது. குமிழின் பெரும்பகுதி பயனற்றதாய் நிற்க, ஒரு சிறு பகுதிக்குள்ளேயே ஒளி முழுவதும் மாறிவிடும். அன்றியும், ரேடியோக்களில் வால்யூம் கண்ட்ரோல் எனப்படும் சிறிய மாறு மின்தடையை விளக்கின் வழியில் நேரே இணைத்தால், அதன் மெல்லிய கரித்தடம் விளக்கின் மின்னோட்டத்தைத் தாங்காது கருகும். அத்தடம் ஒரு வாட்டில் ஒரு சிறு பங்கைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஓர் ஆம்பியர் ஓடும் விளக்குக்கு அது பொருந்தாது.

முறைத் தண்ணீர் போன்ற வழி

இதற்கு மாற்று வழியை உழவர்கள் வேறொரு துறையில் நன்கறிவர். வாய்க்காலில் நீர் குறைவாயிருக்கும் காலத்தில் மடையைச் சிறிதே திறந்து எல்லா நேரமும் கசியவிட்டால், நீர் வாய்க்காலிலேயே ஊறிப்போகும். கடைமடை வயலை அடைவதில்லை. ஆதலால் முறை வைத்துக்கொள்கின்றனர். ஒருவர்க்குரிய நேரத்தில் மடை முழுவதும் திறக்கப்படும். நேரம் முடிந்தவுடன் முழுவதும் அடைக்கப்படும். வயலுக்குச் சென்ற நீரின் அளவு, மடை திறந்திருந்த நேரத்தைப் பொறுத்தது.

எல்.இ.டி. டிம்மரும் இதையே செய்கிறது. விளக்குக்கு 12 வோல்ட்டை முழுமையாகக் கொடுக்கிறது. பிறகு முழுமையாக நிறுத்துகிறது. மீண்டும் கொடுக்கிறது, மீண்டும் நிறுத்துகிறது. இவ்வாறு ஒரு விநாடிக்குள் ஆயிரம் முறைக்கு மேல் நிகழ்கிறது. எரியும் நேரம் அணைந்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கானால், மொத்தத்தில் கால் பங்கு ஒளி கிடைக்கும். இரண்டும் சமமானால் பாதி ஒளி.

விளக்கு விட்டுவிட்டு எரிவது நம் கண்ணுக்குத் தெரியாதோ என்ற ஐயம் எழலாம். கறுப்பிழையும் வெள்ளையிழையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாவோடிய துணியை நெருங்கிப் பார்த்தால் இரு நிறங்களும் தெரியும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிறமாகவே தோன்றும். இடத்தில் நெருங்கியவற்றைக் கண் கலந்து காண்பதுபோலவே, காலத்தில் நெருங்கியவற்றையும் அது கலந்தே காண்கிறது. கறுப்பிழைகளை மிகுத்தால் துணி கருமை கூடித் தோன்றும். அணைந்திருக்கும் நேரத்தை மிகுத்தால் விளக்கு மங்கித் தோன்றும்.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. எரியும் ஒவ்வொரு கணத்திலும் எல்.இ.டி. தனக்குரிய முழு மின்னோட்டத்திலேயே எரிகிறது. ஆதலால் ஒளியைக் குறைத்தாலும் அதன் நிறம் பெரிதும் மாறுவதில்லை. நூலின் நிறத்தைப் பார்த்துப் பிரித்தெடுக்க வேண்டிய நெசவாளர்க்கு இது கருதத்தக்கது.

காலத்தை அளக்கும் பகுதி

மடையை முறைப்படி திறந்து மூட ஒரு நீர்க்காவலர் தேவையன்றோ? டிம்மரில் அப்பணியைச் செய்வது 555 என்னும் எட்டுக்கால் ஐ.சி. ஆகும். ஹான்ஸ் காமென்சிண்டு என்பவர் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்திற்காக 1971-இல் இதை வடிவமைத்தார். 1972-இல் விற்பனைக்கு வந்த இது இன்றளவும் மிகக் குறைந்த விலையில் கிடைத்து வருகிறது.

இதனுடன் ஒரு சிறிய மின்தேக்கி இணைக்கப்படுகிறது. கடைகளில் இதைக் கண்டென்சர் என்பர். மின்தேக்கியை ஒரு தொட்டியாகக் கருதலாம். தொட்டியில் இரு குறிகள் இடப்பட்டுள்ளன. கீழ்க்குறி, கொடுக்கும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. மேற்குறி மூன்றில் இரு பங்கு. பன்னிரண்டு வோல்ட்டில் அவை முறையே 4 வோல்ட், 8 வோல்ட் ஆகும். மின்னூட்டம் ஏறி மேற்குறியைத் தொட்டவுடன் 555 வடிகாலைத் திறக்கிறது. இறங்கிக் கீழ்க்குறியைத் தொட்டவுடன் வடிகாலை அடைத்து மீண்டும் நிரம்ப விடுகிறது. தொட்டி நிரம்பும் நேரத்தில் ஐ.சி.யின் மூன்றாம் காலில் மின்னழுத்தம் இருக்கும். வடியும் நேரத்தில் இராது. இம்மூன்றாம் காலின் கட்டளைப்படியே விளக்கு எரிந்து அணைகிறது.

இனிக் குமிழின் பணியைக் காண்போம். குமிழுக்கு அடியிலிருப்பது 100 கிலோ ஓம் மாறு மின்தடை. இதற்கு மூன்று முனைகள் உண்டு. நடுமுனை, குமிழைத் திருப்பும்போது தடத்தின்மீது நகர்ந்து, 100 கிலோ ஓமை இரு பங்காகப் பிரிக்கிறது. மின்சாரம் ஒரு பங்கின் வழியாகத் தொட்டிக்குள் வரவும் மறு பங்கின் வழியாக வெளியேறவும் வேண்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு டயோடு எதிரெதிர்த் திசையில் வைக்கப்பட்டுள்ளது. டயோடு என்பது ஒருவழிக் கதவு. இவ்வாறு நிரம்பும் வழியும் வடியும் வழியும் தனித்தனியாகின்றன.

நடுமுனையை ஒருபுறம் நகர்த்தினால் நிரம்பும் வழி 25 கிலோ ஓமாகவும் வடியும் வழி 75 கிலோ ஓமாகவும் அமையும். வழி குறுகலானால் நேரம் கூடும். ஆகவே நிரம்பும் நேரம் ஒரு பங்கும் வடியும் நேரம் மூன்று பங்கும் ஆகும். ஒளி ஏறத்தாழ நாலில் ஒன்று. குமிழை எதிர்ப்புறம் திருப்பினால் இப்பங்குகள் இடம் மாறும். இரண்டின் கூட்டுத்தொகையோ எப்போதும் 100 கிலோ ஓம். ஆதலால் ஒளியின் அளவு மாறினும், விநாடிக்கு எத்தனை முறை என்னும் கணக்கு மாறுவதில்லை. இச்சுற்றின் சிறப்பு இதுவே.

மின்தேக்கி 10 நானோ ஃபாரட் ஆனால், ஒரு முறை நிரம்பி வடிய விநாடியின் பதினாயிரத்தில் எட்டுப் பங்கு ஆகும். அஃதாவது விநாடிக்கு ஏறத்தாழ 1,250 முறை. மேற்சொன்ன கால் பங்கு நிலையில், ஒவ்வொரு முறையும் பதினாயிரத்தில் இரண்டு பங்கு நேரம் எரிந்து ஆறு பங்கு நேரம் விளக்கு அணைந்திருக்கிறது.

உறுப்புகளைச் செய்தறிய விரும்பும் இளைஞர்களுக்காக இணைப்புகளைச் சுருக்கமாகக் கூறுவோம். ஐ.சி.யின் 1-ஆம் கால் பாட்டரியின் எதிர்முனைக்கும், 4-ஆம் காலும் 8-ஆம் காலும் நேர்முனைக்கும் செல்லும். 2-ஆம் காலும் 6-ஆம் காலும் சேர்ந்து மின்தேக்கிக்குச் செல்லும். அதன் மறுமுனை எதிர்முனையில் சேரும். 7-ஆம் கால் குமிழின் நடுமுனையுடன் இணைந்து, ஒரு கிலோ ஓம் மின்தடை வழியாக நேர்முனையையும் சேரும். குமிழின் இரு ஓரமுனைகளும் 1என்4148 வகை டயோடுகளின் வழியே மின்தேக்கியை அடையும். 5-ஆம் காலிலிருந்து எதிர்முனைக்கு மற்றொரு 10 நானோ ஃபாரட் மின்தேக்கியை இடுவது வழக்கம்.

விளக்கைத் திறந்து மூடும் பகுதி

555 கட்டளையிட வல்லது. ஆனால் ஓர் ஆம்பியர் விளக்கைத் தானே சுமக்க வல்லதன்று. அச்சுமையை மாஸ்ஃபெட் என்னும் மூன்றுகால் உறுப்பு ஏற்கிறது. அதன் கால்களுக்குக் கேட், டிரெய்ன், சோர்ஸ் என்று பெயர். கேட்டில் அழுத்தம் கொடுத்தால் டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் இடையே வழி திறக்கும்; அழுத்தத்தை எடுத்தால் வழி அடைபடும். மாஸ்ஃபெட்டை அசையும் பாகம் இல்லாத ஸ்விட்ச் என்றே கொள்ளலாம்.

பட்டையின் நேர்க்கம்பி பாட்டரியின் நேர்முனைக்கு நேரே செல்லும். எதிர்க்கம்பி டிரெய்னுக்கும், சோர்ஸ் பாட்டரியின் எதிர்முனைக்கும் செல்லும். 555-இன் மூன்றாம் கால் 100 ஓம் மின்தடை வழியாகக் கேட்டைச் சேரும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோ ஓம் ஒன்றை இட வேண்டும்; இல்லையேல் மூன்றாம் காலின் இணைப்பு விட்டுப்போகும்போது கேட் நிலையற்று, விளக்குத் தானாகவே எரியக்கூடும்.

ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் என்னும் வகை மாஸ்ஃபெட் முழுதும் திறந்துள்ளபோது அதன் தடை ஓர் ஓமின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓர் ஆம்பியர் ஓடினாலும் அதில் வீணாவது ஒரு வாட்டின் ஐம்பதில் ஒரு பங்கை எட்டாது. மூடியிருக்கும்போது மின்னோட்டமே இல்லாததால் சூடும் இல்லை. ஆகவே 12 வாட் பட்டைக்கு அது கை பொறுக்கும் சூட்டையும் அடைவதில்லை.

பாட்டரிக் கணக்கு

12 வாட் பட்டை 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் எடுக்கும். 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதியளவே செலவிடுவது அதன் ஆயுளுக்கு நல்லது. அக்கணக்கில் முழு ஒளியில் ஏறத்தாழ மூன்று மணி நேரமும், கால் பங்கு ஒளியில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமலும் விளக்கு எரியும்.

இவ்விடத்தில் கண்ணின் இயல்பையும் கூற வேண்டும். கருவியால் அளந்தால் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்த ஒளியே, கண்ணுக்குப் பாதியளவு குறைந்ததாகத் தோன்றுகிறது. ஆதலால் கால் பங்கு ஒளி என்பது இருட்டன்று. உண்பதற்கும் உரையாடுவதற்கும் தாராளமாகப் போதும். சிக்கனத்திற்கு இது பெருந்துணை.

ஆனால் குமிழை முழுவதும் குறைத்து வைப்பது அணைப்பதாகாது. விளக்கு மங்கினும் 555-உம் அதைச் சார்ந்த உறுப்புகளும் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கும். அவ்வாறே விட்டுவிட்டால் 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு வாரத்தில் பாதியாகும். பாட்டரிக்கும் டிம்மருக்கும் இடையே தனி ஸ்விட்ச் ஒன்று வைத்தல் இன்றியமையாதது.

சுழலும் பொறிகளின் அருகே

விளக்கு விட்டுவிட்டு எரிவதில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. அதைத் தொழிலாளர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். விநாடிக்கு 100 முறை மினுக்கும் விளக்கின்கீழ், ஆரங்களையுடைய ஒரு சக்கரம் அதற்கிசைந்த வேகத்தில் சுழன்றால், ஒவ்வொரு மினுக்கிலும் ஆரங்கள் ஒரே இடத்தில் காணப்படும். சுழலும் சக்கரம் நிற்பது போலத் தோன்றும். விசைத்தறி, நூல் சுற்றும் பொறி, தீவனம் வெட்டும் பொறி, ஹல்லரின் பட்டைச் சக்கரம் ஆகியவற்றின் அருகே இம்மயக்கம் கையையே பறிக்கக்கூடியது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையதாதலால், உள்ளமைப்பு மட்டமான எல்.இ.டி. பல்புகள் டிம்மர் இல்லாமலேயே 100 முறை மினுக்குவதுண்டு.

மினுக்கும் வேகத்தை உயர்த்துவதே இதற்கு மருந்து. அமெரிக்காவிலிருந்து இயங்கும் மின்பொறியாளர் கழகமான ஐ.இ.இ.இ. 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு முறை, முழுதும் எரிந்து முழுதும் அணையும் விளக்குகள் விநாடிக்கு 1,250 முறைக்கு மேல் இயங்கினால் தீங்கு குறைவென்றும், 3,000 முறைக்கு மேல் இயங்குதல் மேலும் நன்றென்றும் கூறுகிறது. நமது சுற்று முதல் எல்லையின் விளிம்பில் நிற்கிறது. நேரத்தை அளக்கும் 10 நானோ ஃபாரட் மின்தேக்கியை எடுத்துவிட்டு 3.3 நானோ ஃபாரட் ஒன்றை வைத்தால், வேகம் மும்மடங்காகி 3,000-ஐக் கடந்துவிடும். செலவு ஏதும் கூடாது. ஆதலால் வேலைக்கூடங்களுக்கு இதனையே பரிந்துரைப்போம்.

விளக்கொன்று மினுக்குகிறதா என்றறிய எளிய சோதனை உண்டு. இருட்டறையில் அவ்விளக்கை மட்டும் ஏற்றி, அதன்கீழ் ஓர் ஈர்க்குக்குச்சியை விரைந்து ஆட்டிப் பார்க்கவும். குச்சி தொடர்ந்த விசிறி போலத் தோன்றினால் நன்று. தனித்தனிக் குச்சிகளாகப் பிரிந்து தோன்றினால் அவ்விளக்கு மெதுவாக மினுக்குகிறதென்க. அதைப் பொறிகளின் அருகே வைத்தலாகாது.

வாங்குவோர் கவனத்திற்கு

சுவரில் பதிக்கும் 230 வோல்ட் டிம்மர்கள் குண்டு பல்புகளுக்காகச் செய்யப்பட்டவை. அவை மின்னலையின் ஒரு பகுதியை வெட்டிவிடும் முறையில் இயங்குபவை. சாதாரண எல்.இ.டி. பல்பினுள் தனி மின்சுற்று இருக்கிறது. அது வெட்டுண்ட அலையை ஏற்காது துடிக்கும், சூடேறும், விரைவில் கெடும். பார்வையிடச் சென்ற ஒரு சங்கத்தில், வேலைக்கூடத்துக்கென வாங்கிய இத்தகைய டிம்மர்கள் பயனற்று, இருப்புப் பதிவேட்டில் மட்டும் ஆண்டுதோறும் எடுத்தெழுதப்பட்டு வருவதைக் கண்டதுண்டு. டிம்மருடன் பயன்படுத்தத் தக்கதென்று உறையில் அச்சிடப்பட்ட பல்பையும், எல்.இ.டி.க்கு ஏற்றதென்று குறிக்கப்பட்ட டிம்மரையும் மட்டுமே இணைத்தல் வேண்டும். மொத்தமாக வாங்குமுன் ஒரே ஒரு விளக்கை வாங்கி ஒரு வாரம் எரித்துப் பார்ப்பது சங்கத்துக்கு நட்டம் தராத வழியாகும்.

இங்கு விளக்கிய சுற்று பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்கே உரியது. இதனை 230 வோல்ட் மின்சாரத்துடன் எக்காரணம் பற்றியும் இணைத்தலாகாது, உயிருக்கே கேடாகும். சூரிய ஒளிப் பலகையுடனும் நேரே இணைக்க வேண்டாம். பன்னிரண்டு வோல்ட் பலகை எனப்படுவது வெயிலில் சுமையின்றி நிற்கையில் 20 வோல்ட்டையும் தாண்டும். 555-ஐ 16 வோல்ட்டுக்கு மேல் இயக்குதல் தகாது. பாட்டரியின் நேர்முனையை ஒட்டி 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை இடவும். கம்பிகள் தொட்டுக்கொண்டால் சிறிய பாட்டரியும் தீ மூட்டவல்லது. நேர், எதிர் முனைகளை மாற்றிக் கொடுத்தால் ஐ.சி. கணத்தில் கெடும்.

இவற்றை மனத்திற்கொண்டால் டிம்மர் யாவர்க்கும் கைவரக்கூடிய கருவியே. எல்.இ.டி.யின் ஒளியை நேரத்தால் பங்கிட வேண்டும், அப்பங்கீடு மிக விரைவாக நிகழ வேண்டும் என்னும் இரண்டையும் நினைவிற்கொண்டு கடைக்குச் செல்பவர், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத் தாமே அறிவர். சங்கங்களின் கொள்முதல் குழுவினரும் அடுத்த முறை விளக்குகளுக்கு விலைப்புள்ளி கோரும்போது, விநாடிக்கு எத்தனை முறை இயங்குவது என்ற வினாவையும் சேர்த்துக் கேட்பார்களாக.